தாகம் தெரியாத உழைப்பு

தாணேயில் இருப்பவர்களுக்கு இரண்டு வகைக் குதிரைகள் பழக்கம். ஒன்று மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் ஓடுவது. 1883-இல் தொடங்கிய மைதானம் அது. அங்கே நடக்கும் இந்தியன் டெர்பி 2400 மீட்டர். இரண்டரை நிமிஷத்தில் முடிந்துவிடும். இன்னொன்று மாத்தேரான் குதிரை. கர்ஜத் ரயிலில் போய் நேரலில் இறங்கி மலையேறினால், கார், பைக் நுழையாத அந்த ஊரில் தஸ்தூரி நாக்காவிலிருந்து ஆள் சுமந்து போய்வரும்.

ரேஸ் குதிரையின் கஷ்டம் பார்த்தாலே தெரியும். பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான். வாயால் மூச்சுவிட அதற்கு வராது. மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் இறக்கும். அப்படியும் ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு கூடி, லாக்டிக் அமிலமும் சேர்ந்துகொள்ளும். ஓட்டம் முடிந்து நடத்தி ஆற்றினால் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாத்தேரான் குதிரைபோல நெடுநேரம் உழைக்கும் குதிரையின் கதை வேறு. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் போகும் போட்டிகள் உண்டு. அந்தக் குதிரையின் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரும்பாலும் குறைவதில்லை. நஷ்டமெல்லாம் வியர்வையில்தான். வெயிலில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர்கூடப் போகும். கூடவே குளோரைடும் போவதால், ரத்தம் அமிலமாவதற்குப் பதில் காரத்தின் பக்கம் சாய்கிறது. நம் வியர்வையில் உப்பு குறைவு. அதனால் உள்ளே உப்பு மிஞ்சி, தாகம் எடுக்கிறது. குதிரைக்கோ நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடும். உடம்பு வற்றிக்கொண்டிருந்தாலும் தாகம் சரியாக எடுக்காது.

அதனால்தான் அந்தப் போட்டிகளில் கால்நடை மருத்துவர் நடுநடுவே நிறுத்தி நாடி பார்க்கிறார். குறித்த நேரத்துக்குள் நிமிஷத்துக்கு 64-க்கு இறங்காவிட்டால், முதலில் வந்த குதிரையானாலும் வெளியேதான்.

வயதான காலத்தில் குடும்பங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டு குதிரைகளின் கதை நினைவுக்கு வருகிறது. ஆபரேஷன், சாவு என்றால் சொந்தபந்தம் ஓடிவரும். ஆனால் விடியுமுன் குக்கர் வைத்து, ஃபாஸ்ட் லோக்கலில் நின்றபடியே ஆபீஸ் போய், ராத்திரி மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் படுக்கிற மருமகளை யார் நிறுத்திக் கேட்கிறார்கள்? கேட்டாலும், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காக ஓடியதில் தாகம் மரத்துப்போயிருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, கேட்டால் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். அவள் சரியாகத் தூங்குகிறாளா, உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்று நீங்களே கவனியுங்கள். மாத்திரை டப்பாவை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குள் நீங்கள் போங்கள். வேண்டாம் என்பாள், அதைமட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.