கம்போஜ தேசத்தில் கண்ட காரைக்கால் அம்மையார்

திருமாலுக்கென எழுப்பப்பட்ட ஆலயங்களுள் மிகப் பெரியது எது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் திருவரங்கம் என்போம். நித்திய பூஜை குறைவின்றி நடைபெறும் தலம் என்ற வகையில் அது சரியே. திருவரங்கத்தின் பரப்பு 156 ஏக்கர். கம்போடியாவில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில், இரண்டாம் சூரியவர்மன் என்னும் மன்னன் விஷ்ணுவுக்காக எழுப்பிய அங்கோர் வாட் ஆலயமோ அகழியையும் சேர்த்து ஏறத்தாழ 400 ஏக்கர். எழுபது வயதைக் கடந்த நாங்கள் இருவரும் அதைக் காண்போம் என்று கனவிலும் எண்ணியதில்லை. அழைத்துச் சென்றவள் எங்கள் ஒரே மகள்.

அவள் சிங்கப்பூரில் பணிபுரிகிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அறுவை சிகிச்சையும் அதன்பின் மாதக்கணக்கில் மருந்தும் என்று நடந்த அந்தக் காலம் முழுவதும் நான் அவளுடன் தங்கியிருந்தேன். தலைமுடி கொட்டி, கன்னம் ஒட்டி, தோளெலும்பு துருத்த அவள் படுத்திருந்த கோலத்தை இங்கே விரித்தெழுத மனம் ஒப்பவில்லை. நாள்தோறும் அவள் தலையணையின் கீழ் வைத்தீசுவரன் கோயில் திருநீற்றை வைப்பேன். அவளுக்கு அது தெரியும், எடுத்தெறியவும் இல்லை. ஒருநாள் மட்டும், "அம்மா, நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். என்னைக் கோயிலுக்கு மட்டும் கூப்பிடாதே" என்றாள். அதன்பின் நான் கூப்பிடவில்லை. இனி ஆண்டுக்கொரு முறை பரிசோதித்தால் போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, வைத்தீசுவரன் கோயில் பிரார்த்தனையைக் கூட நாங்கள் இருவர் மட்டுமே சென்று நிறைவேற்றிவிட்டு வந்தோம்.

ஆகவே, சென்ற மார்கழியில் அவள் தொலைபேசியில், "அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, அங்கோர் வாட் போகலாம்" என்றபோது எனக்கு வியப்பு. "அது கோயிலாயிற்றே?" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

தை மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும், அங்கிருந்து அவளுடன் சியம் ரீப் நகருக்கும் விமானத்தில் சென்றோம். மழையும் கடும் வெயிலும் இல்லாத கார்த்திகை முதல் மாசி வரையிலான காலமே முதியவர்களுக்கு ஏற்றது. மூன்று நாட்களுக்கான நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 62 அமெரிக்க டாலர். வாங்குமிடத்திலேயே நம்மைப் படம் பிடித்து அதில் அச்சிட்டுத் தருகிறார்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும் என்பது விதி. புடவையும் வேட்டியுமாக நாங்கள் சென்றதால் எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சைவ உணவுக்கும் குறைவில்லை. இந்திய உணவகங்கள் அவ்வூரில் உண்டு.

ஆலயம் மேற்கு நோக்கியது. அகலமான அகழியைக் கல்பாலத்தின் வழியே கடந்து மேற்குக் கோபுர வாயிலுக்குள் நுழைந்தால், வலப்புறம் ஆளுயரத்தைப் போல் இருமடங்கு உயர்ந்த எட்டுக்கரத் திருமால் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். ஆலயம் பல நூற்றாண்டுகளாகப் பௌத்தர்களின் வழிபாட்டிடமாக இருப்பினும், உள்ளூர் மக்கள் இவரை விடவில்லை. காவித் துகில் சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, 'தா ரீச்' என்ற பெயரால் வணங்குகிறார்கள். கூட்டம் இடித்துக்கொண்டு போக, என் கணவர் ஒரு தூணோரம் கைகூப்பி நின்று விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்தார். அருகிலிருந்த கெமர் மூதாட்டி ஒருவர் அவர் முடிக்கும்வரை காத்திருந்து, தம் கையிலிருந்த ஊதுவத்திகளில் ஒன்றை அவரிடம் நீட்டினார். எங்கள் மகள் உள்ளே வரவில்லை. வெளியே நிழலில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே சென்றதும் ஒரு சிறு பூசல். ஆலயத்தின் சுற்றுச்சுவர் முழுவதும் புடைப்புச் சிற்பங்கள். அவற்றை இடப்பக்கமாக, அதாவது அப்பிரதட்சிணமாகச் சுற்றிப் பார்ப்பதே முறை என்று வழிகாட்டி இளைஞர் தெற்கே திரும்பினார். சிற்பங்களின் வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது. மன்னனின் ஈமச் சடங்கோடு அதற்குத் தொடர்பிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. என் கணவரோ, "பெருமாளை இடம்வந்து எனக்குப் பழக்கமில்லை" என்று வடக்கே நடக்கத் தொடங்கிவிட்டார். இளைஞர் சிரித்தபடி பின்தொடர்ந்தார். இப்படியாக, ஊரார் முன்னாலிருந்து படிக்கும் கதையை நாங்கள் பின்னாலிருந்து படித்தோம்.

முதலில் இலங்கைப் போர். அனுமனின் தோள்மீது நின்று இராமபிரான் அம்பு தொடுக்க, பின்னால் இலக்குவனும் வீடணனும் நிற்கிறார்கள். வடக்குச் சுவரில் பாணாசுரன் கதை. கருடன்மேல் வரும் கண்ணனிடம், அசுரனின் உயிருக்காகச் சிவபெருமானே பரிந்து பேசும் காட்சியைக் கண்டு இருவரும் நெடுநேரம் நின்றோம். கிழக்குச் சுவரில்தான் உலகப் புகழ்பெற்ற பாற்கடல் கடையும் காட்சி: 49 மீட்டர் நீளம். நாங்கள் தலைகீழாக வந்ததால் வாலைப் பிடித்த தேவர்களே முதலில் எதிர்ப்பட்டனர். அந்த வரிசையின் கடைக்கோடியில் ஒரு வானரர். நடுவில் மந்தர மலை, கீழே கூர்மம், முன்னே திருமால். அப்பால் வாசுகியின் தலைப்பக்கம் அசுரர்கள். மேலே ஆடிப் பறக்கும் அப்சரஸ்களுக்குக் கணக்கில்லை. தெற்குச் சுவரில் யமனும் சித்திரகுப்தனும் முப்பத்திரண்டு நரகங்களும். அதை வேகமாகக் கடந்தோம். இறுதியில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர்.

மேரு மலையின் ஐந்து சிகரங்களாக உருவகிக்கப்பட்ட கோபுரங்கள் நிற்கும் மேல்தளத்துக்கு ஏறுவது எளிதன்று. பழைய கற்படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை. அவற்றின்மேல் கைப்பிடியுடன் மரப்படி அமைத்திருக்கிறார்கள், அதுவும் செங்குத்தே. பௌத்தர்களின் புனித நாட்களில் மேல்தளம் மூடப்பட்டிருக்கும் என்பதைச் செல்வோர் நினைவில் கொள்க. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட என் கணவர் கீழேயே அமர்ந்துவிட்டார். மூலஸ்தானம் வரை போகாமல் எந்தக் கோயிலிலிருந்தும் திரும்பாதவர், "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் முன்னே ஏறினாள், நான் பின்னே. பாதிப் படியில் அவள் நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன, மூச்சு வாங்கியது. எனக்கு மேலே ஏறவும் இயலவில்லை, இறங்கவும் இயலவில்லை. "இறங்கிவிடலாமா, கண்ணு?" என்றேன். அவள் திரும்பாமலே, "கொஞ்சம் பொறு அம்மா" என்றாள். எனக்குக் கீழே ஒரு வெளிநாட்டுக் குடும்பம் பொறுமையாக நின்றது. நான் என்ன சொன்னேன், எந்த நாமத்தைச் சொன்னேன் என்பது நினைவில்லை. சற்று நேரத்தில் அவள் கால் அடுத்த படியில் ஏறியது.

திருமால் எழுந்தருளியிருந்த நடுக்கோபுரத்தில் இன்று புத்தர் திருவுருவங்களே உள்ளன. வணங்கிவிட்டு மேற்குப் பக்கம் வந்து கீழே பார்த்தோம். வெள்ளை வேட்டி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மகள் கையை அசைத்தாள். அவர் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கூப்பினார். கோபுரத்தைத்தான் கும்பிட்டாரா, அவளைக் கண்டு கூப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள், ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186-இல் எழுப்பிய தா புரோம் ஆலயம். மரவேர்கள் கல்மண்டபங்களைக் கவ்விப் பிடித்திருக்கும் அவ்விடத்தின் புனரமைப்பில் நம் இந்தியத் தொல்லியல் துறையினருக்கும் பங்குண்டு.

மூன்றாம் நாள் சென்ற பண்டியாய் ஸ்ரெய் பற்றித்தான் நான் எழுத வந்தது. சியம் ரீப் நகரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 967-இல் நிறைவுற்ற இச்சிவாலயத்தைக் கட்டியவன் மன்னன் அல்லன். அரசவையின் ஆசானாகிய யஜ்ஞவராகன் என்னும் வேதியன். இறைவனின் பெயர் திரிபுவனமகேசுவரர். செந்நிறக் கல்லில் மரவேலைபோல் நுணுக்கம். அங்கோர் வாட்டைக் கண்டு வந்த கண்ணுக்கு எல்லாமே சிறியது. கருவறை வாயிலில் குழந்தைகூடக் குனிந்துதான் நுழைய வேண்டும். இராவணன் கயிலையைப் பெயர்க்கும் காட்சியும், மன்மதன் எரியும் காட்சியும் இங்குள்ளன.

கிழக்குக் கோபுர முகப்பில் பல கரங்களோடு ஆடும் பெருமானைக் காட்டிய வழிகாட்டி, அவன் பாதத்தருகே அமர்ந்திருக்கும் ஒரு சிறு உருவைச் சுட்டினார். எலும்பெடுத்த மேனி, வற்றித் தொங்கும் மார்பு. "இந்தப் பெண்மணி உங்கள் நாட்டவர் என்கிறார்கள்" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. ஆம், இவ்வுரு காரைக்கால் அம்மையாரே என்பது அறிஞர்கள் துணிபு. நாகைக் கடலுக்கு அப்பால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், நம் அம்மையாரை யார் சொல்லிக் கேட்டுச் செதுக்கினார்கள்!

மகள் கயிற்றுத் தடுப்பின் அருகே சென்று அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு, "நானும் இப்படித்தானே இருந்தேன், அம்மா?" என்றாள்.

நான் தமிழாசிரியை. முப்பது ஆண்டுகள் பெரியபுராணம் நடத்தியவள். அந்தக் கேள்விக்கு ஒரு சொல்கூட வரவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

"இவர்களும் நோயாளியா?"

"இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டது."

"யாராவது இதைக் கேட்பார்களா?"

வண்டி திரும்பும்போது அந்தக் கதையைச் சொன்னேன். புனிதவதி, மாங்கனி, கண்டு அஞ்சி விலகிய கணவன், அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று தசைப்பொதியை உதறி ஏற்ற பேயுரு, தலையால் நடந்து ஏறிய கயிலை, 'அம்மையே' என்று ஈசனே அழைத்தது, திருவாலங்காட்டில் அவன் ஆடலைக் கீழிருந்து பாடிக்கொண்டே இருக்க வரம் பெற்றது. வகுப்பில் சொன்னது போல் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, இரண்டிடத்தில் தடுமாறினேன். அவள் சன்னல் வழியே வயல்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள். கணவன் விட்டுப்போன இடத்தில் மட்டும், "அவன் பயந்துவிட்டான், பாவம்" என்றாள்.

நெடுநேரம் கழித்து, "திருவாலங்காடு சென்னையிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்கும் முன், உறங்குவதாக நாங்கள் எண்ணியிருந்த அவள் தந்தை முன்னிருக்கையிலிருந்து, "அறுபது கிலோமீட்டர் இருக்கும். அரக்கோணம் போகும் மின்ரயிலில் ஏறினால், அந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது" என்றார்.