தவறிய வாக்கின் பழி யார்மேல்?

கள்ளத் தீர்க்கதரிசியை எப்படி இனங்காண்பது என்ற கேள்வி நம் சபைகளில் எழும்போதெல்லாம் பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. அவர் சொன்னது நடந்ததா என்று பாருங்கள் என்பது ஒன்று. அவருடைய வாழ்க்கையின் கனிகளைப் பாருங்கள் என்பது மற்றொன்று. முன்னதற்கு உபாகமம் 18ஆம் அதிகாரமும், பின்னதற்கு மத்தேயு 7ஆம் அதிகாரமும் ஆதாரம். இவ்விரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால், 19ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியக் கிறிஸ்தவ எழுப்புதல்களைப் படித்துவரும் ஆய்வாளன் என்ற முறையில், இவற்றோடு மூன்றாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன். ஒரு போதகரின் வாக்கு பொய்த்துப்போகும் நாளில், அதன் பழி யார்மேல் சுமத்தப்படுகிறது?

இக்கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய வரலாறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1860ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் தொடங்கியது. அதன் நடுவில் நின்றவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். ரேனியஸ் ஐயரிடம் கல்வி கற்று, அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தாக்கத்தால் மிஷன் சம்பளம் எதுவும் பெறாமல் ஊழியம் செய்தவர். கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உருவாக்கியவர். அவருடைய கூட்டங்களில் மக்கள் பாவ உணர்வால் அழுதார்கள், நடுங்கினார்கள், தரையில் விழுந்தார்கள். மிஷனெரிமாருள் சிலர் இதனை ஆவியானவரின் செயல் என்றனர்; சிலர் முகம் சுளித்தனர். அருளப்பன் 1867இல் மறைந்தார். அந்த அனல் தெற்கே பரவி, 1870களில் திருவிதாங்கூர் சபைகளை எட்டியது.

அங்கே அதனை ஏற்றுக்கொண்டவர்களுள் முதன்மையானவர் யூஸ்துஸ் யோசேப்பு. பாலக்காட்டுப் பகுதியில் 1835இல் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமய்யன் என்ற பெயரில் பிறந்தவர். வடமொழியிலும் இசையிலும் தேர்ச்சி பெற்றதனால் 'வித்துவான்குட்டி' என்று அழைக்கப்பட்டார். 1861இல் குடும்பத்தாரோடு ஞானஸ்நானம் பெற்று, பின்னர் சர்ச் மிஷனெரி சங்கத்தின் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகள் கேரளத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

1875ஆம் ஆண்டளவில் அவரைச் சூழ்ந்த எழுப்புதல் கூட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் பிறந்தது. இன்னும் ஆறே ஆண்டுகளில், அதாவது 1881இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்பதே அது. மிஷன் அவரை விலக்கியது. ஆங்கிலிக்கன் சபையிலிருந்தும் சிரியன் சபைகளிலிருந்தும் பலர் அவரைப் பின்பற்றிச் சென்றனர். நாள் குறிக்கப்பட்ட ஒரு முடிவை நம்பிக் காத்திருக்கும் குடும்பம், நிலத்தில் விதைப்பதையும் வீடு கட்டுவதையும் பிள்ளைக்குக் கல்வி கொடுப்பதையும் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1881 வந்தது, சென்றது. கிறிஸ்து வரவில்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் கவனத்துக்குரியது. பலர் மனமுடைந்து தத்தம் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். எஞ்சிய குழுவினருக்கோ, தீர்க்கதரிசனம் பொய்க்கவில்லை என்ற விளக்கம் கிடைத்தது. வருகை ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிவிட்டது, கண்ணுடையோர் கண்டுகொண்டனர் என்றாயிற்று. பின்னர் அவ்வியக்கம் பல சமயங்களின் கூறுகளையும் இணைத்துக்கொண்டு 'யுயோமயம்' என்ற தனி மார்க்கமாகவே உருமாறியது. யூஸ்துஸ் யோசேப்பு 1887இல் காலமானார்.

பெங்களூரில் மில்லர்ஸ் சாலையிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் அமர்ந்து இக்காலத்து மிஷன் தாள்களைப் புரட்டும்போது, 'ஏமாற்றுக்காரர்' என்ற ஒரே சொல்லால் இந்த மனிதரைத் தள்ளிவிட முடியாது என்று தோன்றும். குலப் பெருமையையும் உறவுகளையும் இழந்து கிறிஸ்துவிடம் வந்தவர் அவர். பக்தியும் கல்வியும் உடையவர். கனியைப் பார்த்து மரத்தை அறிய முயன்ற ஒருவர் 1874இல் அவரைச் சோதித்திருந்தால், நல்ல மரம் என்றே சொல்லியிருப்பார். உண்மையுள்ள மனிதர் ஒருவரும் பொய்யான போதனையைக் கொடுக்க முடியும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் முதல் பாடம். போதகரின் நேர்மை, போதனைக்குப் பிணை ஆகாது.

இரண்டாவது பாடம் இன்னும் கூர்மையானது. வாக்கு தவறியபோது, 'நாங்கள் தவறாகச் சொன்னோம்' என்ற எளிய வாக்கியம் அங்கே இடம்பெறவில்லை. வாக்கு காப்பாற்றப்பட்டது, அதன் பொருள் மாற்றப்பட்டது. வருகையைக் காணாத விசுவாசியின் கண்ணே குறையுள்ள கண்ணாயிற்று.

இதனோடு ஒப்பிட அமெரிக்காவின் வில்லியம் மில்லரை நினைவுகூரலாம். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று எதிர்பார்த்து ஏமாந்தார்கள். மறு ஆண்டு மில்லர் வெளியிட்ட எழுத்தில், தம் கணக்கு தவறிவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வருகை அண்மையில் இருக்கிறது என்ற நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. ஆயினும் தவறிய நாளுக்குப் பொறுப்பைத் தாமே ஏற்றார். அவருடைய இறையியலை நான் ஏற்கவில்லை. எனினும் அந்த ஒப்புதலின் முன் தலை வணங்குகிறேன்.

திருச்சபையின் தொடக்க காலத்தவர்கள் இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தார்கள். 'திதாக்கே' என்னும் பழைய ஒழுங்கு நூலின் பிரதியை பிலோதேயு பிரியென்னியோஸ் 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்து, 1883இல் பதிப்பித்தார். திருவிதாங்கூரில் நாள் குறித்துக் காத்திருந்தவர்கள் ஏமாந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. ஊர் ஊராகச் சுற்றும் போதகர்களை எப்படிச் சோதிப்பது என்று அந்நூல் விதிக்கும் முறைகள் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானவை. வந்தவர் ஒரு நாள் தங்கலாம். தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளர். புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும் வாங்கலாம். பணம் கேட்டால் அவர் கள்ளர். ஆவியில் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தமக்கே விருந்து ஏற்பாடு செய்து, அதைத் தாமே உண்டாலும் கள்ளர். சாதாரண கிராமத்து விசுவாசி ஒருவன், இறையியல் பட்டம் எதுவும் இன்றிக் கையாளக்கூடிய அளவுகோல்கள் இவை. பேச்சின் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார் என்பதே இவற்றின் சாரம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சோதித்தறிவது என்பது எல்லாவற்றையும் சந்தேகிப்பதாக மாறிவிடக் கூடாது. ஆவியை அணைக்காமல் இருக்கும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதிக்கவும் சொன்னார். ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1741இல், கண்ணீரும் நடுக்கமும் கூச்சலும் ஓர் எழுப்புதல் தேவனிடமிருந்து வந்தது என்பதற்கும் சான்று ஆகா, வரவில்லை என்பதற்கும் சான்று ஆகா என்று விளக்கினார். அருளப்பனின் கூட்டங்களில் விழுந்து அழுதவர்களையும் 1881இல் ஏமாந்தவர்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று.

மேலும், 'கள்ளப்போதகன்' என்ற பெயரைச் சூட்டும் அதிகாரம் எப்போதும் யார் கையில் இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. 1857இல் நாசரேத்துப் பகுதியில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தனிச் சபை கண்டபோது, அவரைப் பிரிவினைக்காரர் என்று மிஷன் ஒதுக்கியது. சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிப்பு முதலிய அவருடைய போதனைகளை நாம் மறுக்கலாம். ஆனால் அவர் பின்னால் திரண்ட மக்களின் கோபத்துக்கு, 1849இல் கால்டுவெல் அவர்களுடைய சமூகத்தைப் பற்றி எழுதிய நூலும் காரணம். புண்படுத்திய எழுத்தின்மேல் விழ வேண்டிய பழி, புண்பட்டு வெளியேறியவர்கள்மேல் விழுந்தது. ஆகவே நான் முன்வைக்கும் கேள்வி தனி ஊழியர்களுக்கு மட்டும் உரியதன்று. அங்கீகாரம் பெற்ற பெரிய சபைகளையும் அதே கேள்வியால் சோதிக்க வேண்டும்.

இந்தப் பழங்கதைகளை இன்று ஏன் எழுதுகிறேன்?

சிவாஜிநகர், அல்சூர், லிங்கராஜபுரம் என்று பெங்களூரின் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாழும் பகுதிகளில், ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் விசுவாசியின் கைப்பேசியில் இன்னொரு சபை காத்திருக்கிறது. திதாக்கே காலத்துப் போதகர் மூன்றாம் நாள் தங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும். யூடியூப் போதகரோ எவர் வீட்டிலும் தங்குவதில்லை. எவர் வீட்டை விட்டும் போவதில்லை. அவருடைய பொய்த்த வாக்குகளைப் பார்த்த அயலாரும் இல்லை.

எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரி இருக்கிறார். ஆயத்த ஆடை ஆலையில் பல ஆண்டுகள் தையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு நோயாளி. இணையத்தில் அவர் நாள்தோறும் கேட்டுவந்த ஓர் ஊழியர், குணமாக்குதலின் விதையாகக் காணிக்கை அனுப்பும்படியும், சுகம் பெற்றாயிற்று என்று அறிக்கை செய்து மருந்தை விட்டுவிடும்படியும் போதித்தார். வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஒரு பகுதி போயிற்று, இன்சுலினும் நின்றது. சில வாரங்களில் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உயிர் பிழைத்துவிட்டார். பணம் போனதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான் பார்க்கச் சென்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, என் விசுவாசந்தான் கொறைஞ்சு போச்சா?"

அந்த ஊழியரின் ஜெபக் குழுவினர் தொலைபேசியில் அவருக்குச் சொல்லியிருந்த விளக்கம் அதுதான். வாக்கு சரியானது, பெற்றுக்கொண்ட பாத்திரம் ஓட்டை. பணத்தையும் உடல்நலத்தையும் இழந்த ஒருவரிடமிருந்து, தேவன் தன்னை நேசிக்கிறார் என்ற கடைசி உறுதியையும் இந்த விளக்கம் பறித்துக்கொள்கிறது. கள்ளப்போதனையின் மிகக் கொடிய கனி இதுவே என்று நான் கருதுகிறேன்.

புதிய ஏற்பாட்டில் இத்தகைய விளக்கத்துக்கு இடமே இல்லை. பவுலின் கைகளால் அற்புதங்கள் நடந்தன. ஆயினும் அவர் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டுப் போனார். அவனுடைய விசுவாசத்தில் குறை கண்டதாக ஒரு சொல்லும் இல்லை. எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாயில் கிடந்ததை எழுதியபோது, அவனைக் கனப்படுத்தும்படியே பிலிப்பி சபையிடம் கேட்டுக்கொண்டார். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று அக்காலத்து மருத்துவத்தையே பரிந்துரைத்தார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, இது கர்த்தருடைய கட்டளை, இது என் அபிப்பிராயம் என்று பிரித்துக் காட்டினார். தாமே வந்து வேறு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்க வேண்டாம் என்று கலாத்தியரிடம் தம்மையும் சோதனைக்கு உட்படுத்தினார். அவருடைய போதனையையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா ஊராரை லூக்கா பாராட்டியே எழுதியிருக்கிறார்.

ஆகவே, ஓர் ஊழியரைப் பின்பற்றத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, தாம் சொன்னது தவறிவிட்டது என்று அவர் என்றாவது பொதுவெளியில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா? ஒருபோதும் தவறாதவர் நம்மில் எவரும் இல்லை. ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதவர் பலர் உண்டு.

இரண்டாவது, அவரிடம் கணக்குக் கேட்கவும், தேவையானால் அவரைப் பேச்சிலிருந்து நிறுத்தவும் அதிகாரம் உள்ளவர்கள் யார்? அவர்கள் அவருடைய மனைவி மக்களும் சம்பளம் பெறுவோரும் மட்டும்தானா?

மூன்றாவது, அவர் வாக்களித்தது எனக்குக் கிடைக்காமற்போனால், எனக்கு என்ன விடை சொல்லப்படும்? இதனை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விடை உங்கள் விசுவாசத்தைச் சுட்டினால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சபைப் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்துபோன விசுவாசி திரும்பி வரும்போது, "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று தொடங்காதீர்கள். அதுவும் பழியை அவர்மேலேயே ஏற்றும். அவர் மருத்துவரிடம் போகிறாரா, மாத்திரை வாங்கப் பணம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

உபாகமம் 18ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை நாம் பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்பதோடு அது முடியவில்லை. அந்தத் தீர்க்கதரிசி துணிகரத்தினால் அதைச் சொன்னான் என்று பழியைச் சொன்னவன்மேலேயே வைத்துவிட்டு, கேட்டவனை நோக்கி அவனுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்கிறது. அந்தச் சகோதரிக்கு நான் வாசித்துக் காட்டியது இந்தப் பகுதியைத்தான். இதே கேள்வியோடு உங்கள் சபையில் யாரேனும் இருந்தால், நீங்களும் அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.