கூடாரத்துள் ஒரு தும்மல்

'முகாம்' என்ற சொல்லை எவற்றோடெல்லாம் சேர்த்து வழங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: அகதி முகாம், நிவாரண முகாம், தடுப்பூசி முகாம். அரபியில் நிற்குமிடம், தங்குமிடம் என்ற பொருளில் பிறந்த இச்சொல், ஏதேனும் ஒரு நெருக்கடியின் துணையின்றித் தமிழில் நடமாடுவது குறைவு. சங்கப் பாடல்களின் பாசறையிலோ குழந்தைகளுக்கு இடமேயில்லை. போர் மேற்சென்ற தலைவனும் அவன் நினைவுகளுமே அங்கே உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகளோடு காட்டோரம் கூடாரமடித்து மகிழ்ந்திருத்தலுக்கு நம்மிடம் இயல்பான பெயர் அமையவில்லை. பெயரில்லாத செயலைக் கண்டு பெரியவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

கடந்த ஜனவரியில் அக்காவும் அவளுடைய இரு பிள்ளைகளும் நானும் பெரார்கஞ்ச் அருகே உறவினர் ஒருவரின் பாக்குத் தோப்பில் இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கினோம். மூத்தவளுக்கு நான்கு வயது; இளையவனுக்கு ஒன்றரை. "பச்சைப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வெட்டவெளியில் கிடத்துவார்களா?" என்று அம்மா கேட்டார். அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. தெற்கு அந்தமானின் கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. கடற்கரையில் மணல் ஈக்கள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி மழை. ஆகவே மழை ஓய்ந்த மாதத்தைத் தேர்ந்தோம். நீர்நிலையை விட்டு விலகி, மேடான இடத்தில் கூடாரமிட்டோம். கொதிக்க வைத்த நீரையும் கொசுவலையையும் மறக்கவில்லை.

கடிகாரத்தைப் பொறுத்தவரை இத்தீவுகள் இந்திய நேரத்தையே பின்பற்றுகின்றன. ஆனால், மிகக் கிழக்கே இருப்பதால் ஜனவரியில் மாலை ஆறு மணிக்குள் நன்றாக இருட்டிவிடும். விளக்கில்லாத இருட்டுக்குள் பிள்ளைகளும் விரைவில் அடங்கிவிட்டார்கள். "கதவை எப்படிச் சாத்துவது?" என்று மூத்தவள் ஒருமுறை கேட்டாள். கூடாரத்தின் ஜிப்பை இழுத்துக் காட்டினேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் நாள் மேற்கே திரூர்ப் பக்கம் சென்று கடலோரத்தில் தங்கலாம் என்பது முதலில் போட்ட திட்டம். மலபாரிலிருந்து வந்து குடியேறிய மாப்பிளைமார் தம் ஊர்ப் பெயரையே இட்டு வழங்கிய ஊர் அது. அதற்கப்பால் ஜாரவாக்களின் காப்பகம். அன்று காலை இளையவனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. இரண்டு தும்மல், இலேசான இருமல். அக்கா திட்டத்தைக் கைவிட்டாள். "இவனுக்காக மட்டும் சொல்லவில்லை" என்றாள். அவள் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1858-இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது, பெரும் அந்தமானியர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கைக்குழந்தைகளுடன் இடம்விட்டு இடம்பெயர்ந்து தங்கிவந்தவர்கள். மரப்பட்டையாலான பட்டையைத் தோளில் மாட்டி அதில் குழந்தையைச் சுமப்பார்கள். நம் தூளியின் தொலைதூர உறவு என்று அதைச் சொல்லலாம். அவர்களை 'நாகரிகப்படுத்த' 1860-களில் 'அந்தமான் இல்லங்கள்' அமைக்கப்பட்டன. கூரையும் சுவரும் உணவும் கொடுத்த அந்த இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்பது பதிவு. 1877-இல் தட்டம்மை வந்து மேலும் பலரைக் கொண்டுபோயிற்று. 1901 கணக்கெடுப்பில் 625 பேர் இருந்தார்கள். 1961-இல் 19 பேர். அந்த எண்களோடு சேர்ந்தே அவர்களின் மொழிகளும் தேய்ந்தன. மொழியியல் படித்தவளுக்கு அந்த 150 குழந்தைகள் வெறும் எண் அல்லர். மழலையாகவே நின்றுவிட்ட மொழிகள்.

சுவரற்ற இடம் ஆபத்து, சுவருள்ள இடம் பாதுகாப்பு என்று நாம் இயல்பாக நம்புகிறோம். இத்தீவின் வரலாறு அதைத் தலைகீழாக்குகிறது. காட்டில் பிழைத்த குழந்தைகள் வீட்டில் மாண்டார்கள். கொன்றது விலங்கன்று, வெளியிலிருந்து வந்தவர்களின் மூச்சு.

ஜாரவாக்களின் கதை முடிந்துபோன ஒன்றன்று. 1990-களின் இறுதியில் அவர்கள் அச்சமின்றி வெளியே வரத் தொடங்கினர். 1999-இலேயே தட்டம்மை அவர்களிடையே பரவியது. 2001-இல் 240 ஆக இருந்த அவர்களின் எண்ணிக்கை 2011-இல் 380 ஆயிற்று. அந்த உயர்வு எளிதில் கிடைத்ததன்று. எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று. சாதாரணச் சளிக்கு அப்படியொரு தடுப்பூசி கிடையாது. நமக்கு ஒரு கைக்குட்டை நனையும் செய்தியாக இருப்பது, அக்கரையில் தாயின் தோள்பட்டையில் உறங்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நிமோனியாவாகலாம்.

அந்தமானுக்குக் குழந்தைகளுடன் வந்து கூடாரமிட விரும்பும் நண்பர்கள் அவ்வப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். மழைக்காலத்தைத் தவிருங்கள், கழிமுகத்தை விட்டு விலகித் தங்குங்கள். காப்பகத்துக்குள் நுழைவது சட்டப்படி குற்றம் என்பதை அறிவீர்கள்; அதன் விளிம்பையும் தவிருங்கள், பிள்ளைக்குச் சளி இருந்தால் உறுதியாக. காட்டிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்பதற்கு எவ்வளவு பொருள்களைக் கட்டி எடுத்துச் செல்கிறோம்! நம் பிள்ளைகளின் தும்மலிடமிருந்து அக்கரைப் பிள்ளைகளைக் காப்பதற்கு எதுவும் சுமக்க வேண்டியதில்லை; சற்றே தள்ளித் தங்கினால் போதும்.