கொத்மலையிலிருந்து கோணமலைக்கு

நீரின் மேல் ஓர் ஊரும் நீரின் கீழ் ஓர் ஊருமாக விளங்குவது கொத்மலை. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் புசல்லாவையைக் கடந்த பின், வண்டியை ஓரமாக நிறுத்திக் கீழே நோக்கினால் அதன் அழகு முழுவதும் கண்ணில் நிறையும். இருமருங்கும் தேயிலைச் சரிவுகள், நடுவே பச்சை நிறத்தில் உறங்கும் நீர்ப்பரப்பு, அக்கரையில் வெண்மையாய் ஒளிரும் மகாசாய தாதுகோபம். காலைப் பனி விலகும் வேளையில் இக்காட்சியைக் கண்டவர் எளிதில் மறவார்.

1979ஆம் ஆண்டு தொடங்கி 1985இல் நிறைவுற்றது இங்குள்ள அணை. உயரம் 87 மீட்டர், நீளம் 600 மீட்டர். நிலத்தடியில் அமைந்த மின்நிலையம் 201 மெகாவாட் மின்சாரம் தரவல்லது. இளமையில் துட்டகைமுனு தன் தந்தையோடு பிணங்கிக்கொண்டு வந்து மறைந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நாடும் இதுவே. அந்தப் பழைய நாட்டின் வயல்களும் வீடுகளும் விகாரைகளும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. அங்கு வாழ்ந்தவர்களுள் சிலர் மேட்டு நிலங்களுக்கும், சிலர் தொலைவிலுள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்கும் பெயர்ந்தனர். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் தலைகாட்டும். அப்போது ஊரே திரண்டு பார்க்கப் போகும்.

அவ்வாறு ஒரு முறை பார்த்துத் திரும்புகையில் என் மகன் கேட்டான்: “அப்பா, தண்ணி நிறைஞ்சிருக்கும்போதே உள்ளே போய்ப் பார்க்க முடியாதா?”

அவனுக்குப் பதினான்கு வயது. கல்லூரியில் பாடம் சொல்லும் எனக்கு இக்கேள்விக்கு விடை சொல்வது அரிதன்று. ஆயினும், சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று தோன்றியது. “இங்கே வேண்டாம். இந்தத் தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போய்ப் பார்ப்போம்” என்றேன்.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கொத்மலை ஓயா மகாவலியோடு கலக்கிறது. பொல்கொல்லையில் ஒரு பகுதி வடக்கே திருப்பிவிடப்பட, எஞ்சியது விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பை அணைகளைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. 335 கிலோமீட்டர் நடந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. அக்குடாவின் வடக்கே நிற்பதே திருக்கோணமலை. ஆகவே கொத்மலையில் பெய்யும் மழையின் ஒரு பங்கு கோணேசப் பெருமானின் கடலுக்கே போய்ச் சேருகிறது என்று சொன்னால் பிழையாகாது. நாமும் அந்த வழியே இறங்கிப் போவோம் என்று முடிவாயிற்று.

கீழைக் கடல் அமைதியாயிருப்பது மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை. ஓகஸ்ட் விடுமுறையில், நாள் பார்த்து, ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். கண்டி, தம்புள்ளை, ஹபரணை எனக் குளிர் குறைந்து வெயில் ஏறிற்று. மாலையில் சுவாமி மலையின் உச்சியில் நின்று கோணேசரைத் தொழுதோம். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய ஆலயத்தின் தூண்களும் செதுக்கிய கற்களும் இப்பாறையின் அடியில் கடலுக்குள் கிடப்பதை, 1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டனர். கிளார்க் பின்னர் இந்நாட்டிலேயே தங்கி, நீர்மூழ்கு தொழிலும் நடத்தி, 2008இல் கொழும்பில் காலமானார். பாறையின் விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்த என் மகன், “நம்ம ஊர் விகாரை மாதிரியே இங்கேயும் ஒரு கோவில் தண்ணிக்குள்ளே” என்றான். அவன் மனம் அப்போதே மூழ்கிவிட்டது.

மறுநாட் காலை நிலாவெளிக்குப் போனோம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரளவில் நிற்கிறது புறாத்தீவு. மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. அதைச் சூழ்ந்த பவளப் பாறைகளைப் பார்க்க விரும்புவோருக்காகக் கடற்கரையோரம் நீர்மூழ்கு கடைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் நுழைந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை.

ஓலைக் கொட்டகை, வரிசையாகக் காற்றுக் கலன்கள், கொடியிற் காயும் இறப்பர் உடைகள். முதலில் ஒரு தாளைத் தந்தார்கள். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததுண்டா, நாளை விமானம் ஏறுவீர்களா என்று பல கேள்விகள். பின்பு ஓர் இளைஞர் நீருக்குள் பேசும் மொழியைக் கற்பித்தார். அங்கே வாய் பேசாது, கைதான் பேசும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வட்டமிட்டால் ‘நலம்’. கட்டைவிரலை மேலே நீட்டினால் நாம் நினைப்பதுபோல் ‘நன்று’ என்பதல்ல. ‘மேலே போவோம்’ என்று பொருள். விரல்களை விரித்துக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’. அடுத்து எது சரியில்லையோ அதைச் சுட்டிக் காட்ட வேண்டும்.

“தம்பி, எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாட்டியும், மேலே போகவேணும் எண்டு காட்டலாம். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்” என்றார் அவர். இது அவர் கடையின் விதி மட்டுமன்று; உலகெங்கும் நீர்மூழ்குவோர் கைக்கொள்ளும் விதி. குறை சொல்வதையே கடமையாக்கி வைத்த தொழில் இது ஒன்றுதானோ என்று அப்போது எனக்குத் தோன்றிற்று.

காரணம் எளிது. பத்து மீட்டர் ஆழத்தில் நம்மேல் அழுத்தம் இருமடங்காகிறது. முதற் சில மீட்டரிலேயே செவிப்பறை உள்ளே அழுந்தும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அதைச் சமன்செய்ய வேண்டும். வலித்தால் மேலும் இறங்கலாகாது. சற்று மேலேறி மறுபடி முயல வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்பவன் அங்கே வீரனல்லன்.

என் மகனோடு அந்த இளைஞரும், என்னோடு வேறொரு வழிகாட்டியும் இறங்கினர். மஞ்சளும் நீலமுமான மீன்கள் கூட்டங்கூட்டமாய்ச் சென்றன. ஓர் ஆமை எங்களைப் பொருட்படுத்தாமற் போயிற்று. நான் என்னை மறந்திருந்தேன். கரையேறியபோதுதான் கண்டேன்: மகனுடைய முகமூடிக் கண்ணாடிக்குள் இரத்தம்!

முகமூடியின் இறப்பர் விளிம்பு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. அதோடு போராடியதில் அவன் காதைச் சமன்செய்ய மறந்துவிட்டான். எனக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. நேரே கடைக்குள் போய், முதலாளியைக் கூப்பிடுங்கள் என்று உரத்த குரலில் சொன்னேன். அங்கிருந்த வெளிநாட்டார் திரும்பிப் பார்த்தனர்.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு என்னிடம் அன்று, என் மகனிடம் போய், அவனெதிரே மணலில் குந்திக்கொண்டார்.

“தம்பி, எங்கே நோகுது? எப்ப தொடங்கினது?”

“இறங்கின உடனேயே வலிச்சிச்சு.”

“அண்ணா ‘நலமோ’ எண்டு கையால கேட்டவரோ?”

“மூணு தடவை கேட்டாரு.”

“நீங்க என்ன காட்டினீங்க?”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். “நலம்னு காட்டினேன்” என்றான். சற்றுப் பொறுத்து, “பெரியவங்க அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறாங்க, நடுவிலே எப்படிச் சொல்றதுன்னு...” என்றான்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பெரியவர் முன் பேசாதே என்று அவனுக்குக் கற்பித்தவன் நானன்றோ? வகுப்பில் கை உயர்த்தும் மாணவனை, ‘முதலில் கேள், பிறகு கேள்வி கேட்கலாம்’ என்று எத்தனை முறை அமர்த்தியிருக்கிறேன்!

கடைக்காரர் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டு தம் பிழையை மறைக்கவில்லை. “முகமூடியைப் பார்த்துக் குடுக்காதது எங்கட பிழை, சேர். பிள்ளையின்ட முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நம்பினதும் எங்கட பிழை” என்றார். கிழிந்த முகமூடியைத் தனியே எடுத்துச் சிவப்புப் பட்டி சுற்றிவைத்தார். ஒரு கொப்பியைத் திறந்து நாள், நேரம், நடந்தது யாவும் எழுதி, என்னிடம் காட்டினார். மகனுக்காகக் கட்டிய பணத்தைக் கேளாமலே திருப்பித் தந்தார். முச்சக்கர வண்டியொன்றை அழைத்து மருத்துவரிடம் அனுப்பினார். செவிப்பறை கிழியவில்லை, சில நாட்கள் தலைமூழ்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்து விடைபெறும்போது அவர் கேட்டார்: “இண்டைக்கு எங்கே போறீங்க?”

“கொத்மலைக்கு. இரவுக்குள் போய்விடுவோம்.”

அவர் முகம் மாறிற்று. “கூடாது சேர். நீங்களும் மூழ்கினனீங்கள். இண்டைக்கு மலை ஏறக்கூடாது” என்றார்.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கூடுதலாகக் கரைகிறது. அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் எழக்கூடும். ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாதிருக்க வேண்டும் என்பது பொதுநெறி. உயர்ந்த மலைப் பாதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொத்மலை நீர்த்தேக்கமே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 700 மீட்டரில் இருக்கிறது. எங்கள் வீடு அதற்கும் மேலே.

“இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்றேன். அது என் இரண்டாவது முறைப்பாடு.

அவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். விமானத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. மலையைப் பற்றி ஒன்றுமில்லை. “வெள்ளைக்காரர் விமானத்தில வருவினம் எண்டு நினைச்சு எழுதின தாள். எங்கட சனம் மலையிலிருந்து வானில வரும் எண்டு யோசிக்கவில்லை” என்றார். பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே ஒரு வரி சேர்த்தார். தெரிந்த வீடொன்றில் அன்றிரவு தங்க இடமும் பேசித் தந்தார். மறுநாள் காலை விடைபெறப் போனபோது, கடை வாசலிலே புதிய அட்டையொன்று தொங்கிற்று: ‘நுவரெலியா, அற்றன், கண்டிப் பக்கம் திரும்புவோர் மூழ்குமுன் சொல்லவும்.’ மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

முறைப்பாடு என்றால் சண்டை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். சொல்பவன் பகைவன்; கேட்பவன் குற்றவாளி. அக்கடையில் நான் கண்டது வேறு. அங்கே முறைப்பாடு அடுத்து வருபவனுக்குக் காவலாயிற்று. இனிமேல் அக்கடற்கரைக்குப் போகும் மலையகத்துக் குடும்பம் ஒன்று அந்த அட்டையைப் படிக்கும். எங்களை அறியாமலே பயன் பெறும்.

திரும்பும் வழியெல்லாம் எங்கள் தேயிலையை எண்ணிக்கொண்டு வந்தேன். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. தரகர்கள் தேநீரைச் சுவைத்துப் பார்த்து, கொழுந்து வாடியது போதாது, அடுப்பின் சூடு மிஞ்சிவிட்டது என்று தொழிற்சாலைக்குக் குறை எழுதுவார்கள். அதைக் கண்டதும் ‘ஸ்டோரில்’ டீமேக்கர் முதல் அனைவரும் பரபரப்பர். அடுத்த கிழமையே முறை மாறும். தேயிலையின் குறைக்கு இத்தனை செவிகள் உண்டு. ஆனால் நிறுவையில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்றோ, லயத்தின் கூரை ஒழுகுகிறது என்றோ, அந்தத் தேயிலையைப் பறித்த தாய் வந்து சொன்னால்? ‘பேசாமல் போம்மா’ என்ற சொல்லையே நம் மலைகள் நெடுங்காலம் கேட்டு வந்திருக்கின்றன. அவள் பிள்ளையும் வலியைப் பொறுத்துக்கொண்டு ‘நலம்’ என்று விரலை வளைக்கக் கற்றுக்கொள்கிறான். அவனை வகுப்பில் அமர்த்தி வைக்கும் ஆசிரியர்களாகிய நாமும் இதில் பங்குடையோம்.

மாலையில் புசல்லாவையைத் தாண்டினோம். வளைவுக்கு மேல் வளைவு. பின்னாசனத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“அப்பா, தலை சுத்துது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

இன்னும் சிறிது தூரந்தான், பொறுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வானை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இருவரும் இறங்கி நின்றோம். கீழே அந்திவெயிலில் கொத்மலை நீர் அசையாமற் கிடந்தது. சிறிது நேரத்துக்குப் பின் அவன் என்னைப் பார்த்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டமிட்டுக் காட்டினான். இம்முறை அதை நம்பினேன்.