கடல் விலகிப்போன ஊர்கள்

ஓய்வுபெற்றவர்களுக்கென்று நம்மூரில் ஏற்பாடாகும் பயணங்கள் பெரும்பாலும் ஒரு கோயில் வாசலில் தொடங்கி இன்னொரு கோயில் வாசலில் முடிகின்றன. பக்தியில் குறைகாண்பது எங்கள் நோக்கமன்று. அறுபதைக் கடந்தவர்களுக்குப் புண்ணியத்தைத் தவிர வேறெதுவும் வேண்டியிராது என்ற அனுமானந்தான் உறுத்துகிறது. கொற்கையிலிருந்து புன்னைக்காயல் வரை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தார் பதினெட்டுப் பேர் கேட்டபோது, பயண ஏற்பாட்டாளர், "அங்கே பார்க்க என்ன சார் இருக்கிறது? நேராகத் திருச்செந்தூர் போய்விடலாமே" என்றார்.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கணக்கிட்டால் அவர் சொன்னது சரிதான். கொற்கையில் வயலும் வாழையும் ஒரு குளமும் உண்டு. ஈராயிரம் ஆண்டு வயது என்று ஊரார் சொல்லும் வன்னிமரமும் உண்டு. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியரின் துறைமுகத்திலிருந்து கடல் இன்று ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. தாமிரபரணி சுமந்துவந்த வண்டல் செய்த வேலை அது. ஊரில் தோண்டிப் பார்த்த கால்டுவெல், கரிய மண்ணுக்கு அடியில் கடல்மணலும் சிப்பியும் இறுகிய படிவம் இருப்பதைப் பதிவுசெய்தார். அவருடைய திருநெல்வேலி வரலாறு 1881இல் வெளிவந்தது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்தது.

எங்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர். கழிமுகத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்தவர், ஒரு கழிமுகத்தையேனும் நேரில் கண்டதில்லையாம். அவர் வயல் வரப்பில் குந்தி ஒரு பிடி மண்ணை விரல்களுக்கிடையில் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். முட்டிவலிக்காரர், எழுப்பிவிட இருவர் தேவைப்பட்டார்கள்.

கடல் விலக விலகத் துறைமுகமும் அதன் பின்னாலேயே இடம்பெயர்ந்தது. கொற்கைக்குப் பின் பழையகாயல். அதுவும் தூர்ந்தபின் ஆற்றின் வாயிலேயே புன்னைக்காயல். மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினமே என்று எங்களில் ஒரு சாரார் வாதிட்டனர். வேனில் அந்த வாதம் ஏரல் வரை நீண்டது. சாப்பாடும், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்திருந்த இன்சுலினும் நினைவுக்கு வந்த பிறகே ஓய்ந்தது.

பழையகாயலில் வைத்துத்தான் எங்களில் மூத்தவர், எழுபத்தெட்டு வயது, அந்தக் கேள்வியைக் கேட்டார்: "இதையெல்லாம் தெரிந்துகொண்டு இனி யாரிடம் சொல்லப்போகிறேன்?" மனைவி மறைந்து இரண்டு வருடம், பிள்ளைகள் கடல்கடந்து இருக்கிறார்கள். நாங்கள் பதில் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொல்லக்கூடியது எதுவும் அவருக்கு அவமரியாதையாகவே பட்டிருக்கும்.

மாலையில் புன்னைக்காயல் சேர்ந்தோம். 1586இல் இந்த முத்துக்குளித்துறையில் அச்சேறிய அண்ட்ரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' பற்றி ஒருவர் குறிப்பு வாசித்தார். மூத்தவர் அதைக் கேட்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் ஆற்றுவாய் எப்போதும் இதே இடத்தில்தான் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் வள்ளம் போன வழியில இப்பப் போக முடியாது பாட்டையா. மண்ணு ஏறிட்டு."

மணலில் குச்சியால் பழைய வழியையும் புதிய வழியையும் கீறிக் காட்டினார் அந்த இளைஞர். மூத்தவர் அதைக் குறிப்பேட்டில் வரைந்து, தேதியிட்டு, சரிதானா என்று அவரிடமே நீட்டினார். ஒரு வளைவைத் திருத்த வேண்டியிருந்தது. இருவரும் மறுபடி குனிந்தார்கள். வேன் ஓட்டுநர் இரண்டாவது முறையாக ஒலியெழுப்பினார்.