சேத்துப்புண்ணும் ஒரு பேங்க் ஆபீசரும்

மே மாசக் கடைசி வந்தால் கல்யாண் ஸ்டேஷன் ரோட்டில் கடைகளின் முகமே மாறிவிடும். நேற்று வரை மாம்பழம் விற்ற இடத்தில் இன்று நீலத் தார்ப்பாய், குடை, ரெயின்கோட், அப்புறம் மலை மலையாகப் பிளாஸ்டிக் செருப்பு. நம்ம ஊரிலிருந்து புதுசாக வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். சிரித்ததற்கு வட்டியும் முதலுமாக 2019ல் கட்டினேன். அந்தக் கதைதான் இது.

முதலில் என் தினசரி யாத்திரையைச் சொல்லிவிடுகிறேன். வீடு கல்யாண் கிழக்கு, கோல்சேவாடி பக்கம். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு சைக்கிள். ஷேர் ஆட்டோ இருக்கிறது, ஆனால் காலை நேரத்தில் அந்த வரிசையில் நிற்பதற்குள் சைக்கிளில் போய்த் திரும்பியே வந்துவிடலாம். சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஃபாஸ்ட் லோக்கலில் குர்லா, அங்கே மாறி மாட்டுங்கா. திரும்ப அதே. மும்பை சாந்தாகுரூஸில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் சராசரியாக 2,300 மில்லிமீட்டர் மழை. தமிழ்நாட்டின் சராசரி வருஷம் பூராவும் கூட்டினாலும் ஆயிரத்தைத் தொடாது. ஆக, நான்கு மாசம், போகும்போதும் வரும்போதும் நனைவது என்பது சம்பளப் பிடித்தம் மாதிரி. தப்பிக்க வழியில்லை.

உடம்பு நனைவதற்கு ரெயின்கோட் உண்டு. கால்தான் பிரச்சினை. சைக்கிளில் போகிறவனுக்கு மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. முன் சக்கரம் ரோட்டுத் தண்ணீரை அள்ளி நேராகப் பாதத்தில் அடிக்கும். ரெயின்கோட் பேன்ட் கொஞ்சம் குட்டையாக இருந்தால் அதன் வழியாக வழிகிற தண்ணீர் முழுக்க புனல் வைத்து ஊற்றினாற்போல ஷூவுக்குள் இறங்கும். அதற்கும் தப்பினால் ரயிலில் பக்கத்தில் நிற்பவரின் குடை இருக்கிறது. கல்யாணிலிருந்து குர்லா வரை அது சொட்டுச் சொட்டாக என் ஷூவுக்குள்தான் வடியும். கூட்டத்தில் காலை நகர்த்தவும் முடியாது. (நகர்த்தினால் திரும்ப வைக்க இடம் இருக்காது!)

இத்தனைக்கும் நான் போட்டது கறுப்புத் தோல் ஷூ. தினம் பாலிஷ். ஏன் இந்த வீம்பு என்று தங்கமணி கேட்காத நாளில்லை. அதற்குப் பதில் மன்னார்குடிப் பக்கம் இருக்கிறது. அப்பா விவசாயி. அவர் ஷூ போட்டு நான் பார்த்ததில்லை. பி.காம் முடித்து, பரீட்சை எழுதி, பேங்க் ஆர்டர் வந்தபோது அவர் செய்த முதல் வேலை என்னைக் கூட்டிப்போய் ஒரு ஜோடி தோல் ஷூ வாங்கிக் கொடுத்ததுதான். "தம்பி, இனிமே ஒங் கால்ல சேறு படக்கூடாது" என்றார். அப்படிப்பட்டவன் பிளாஸ்டிக் செருப்போடு கவுன்டருக்குப் போவேனா?

2005 ஜூலை 26ஐ எல்லோருக்கும் தெரியும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அன்றைக்கு நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பேச்சிலர். ராத்திரி பிராஞ்சிலேயே மேஜை மேல் படுத்து, மறுநாள் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தேன். கொஞ்சம் லாரி, மிச்சம் நடை. கல்யாணும் உல்லாஸ் ஆற்று வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது. ரூமுக்கு வந்து காலைக் கழுவித் துடைத்துத் தூங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அது சுத்த அதிர்ஷ்டம் என்று பிறகுதான் புரிந்தது. அந்த வெள்ளத்துக்குப் பின்னாலேயே மும்பையில் லெப்டோஸ்பைரோசிஸ் பரவிப் பல பேர் இறந்தார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் ஒரு சின்ன வெட்டுக்காயம், கிருமி உள்ளே போக அது போதும். இப்போதெல்லாம் வெள்ளத்தில் நடந்தவர்களை 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது மாநகராட்சி. தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள்.

என்னைப் படுக்கப் போட்டது அந்த மாதிரிப் பெருவெள்ளம் இல்லை. 2019 ஆகஸ்டில் சாதாரண மழை. ஒரு வாரம் ஷூ காயவே இல்லை. காலையில் ஈர ஷூவில் காய்ந்த காலுறையோடு காலை விடுவேன், ஐந்து நிமிஷத்தில் அதுவும் ஈரம். அப்படியே ஏசியில் எட்டு மணி நேரம். இடது கால் சுண்டுவிரல் இடுக்கில் வெள்ளையாகத் தோல் ஊறி உரிந்திருந்தது. கொஞ்சம் அரிப்பு. அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது குளிர் நடுக்கம். ராத்திரி 103 டிகிரி ஜுரம். விடிந்து பார்த்தால் கணுக்கால் வரை சிவந்து, வீங்கி, தொட்டால் அடுப்பு மாதிரிச் சுடுகிறது. செலுலைட்டிஸ் என்றார் டாக்டர். விரலிடுக்கு வெடிப்பு வழியாக பாக்டீரியா நுழைந்து தோலுக்கடியில் பரவிவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரி, நரம்பில் ஆன்டிபயாடிக். போனஸாக ஒரு செய்தி: எனக்குச் சர்க்கரை. மூன்று மாசச் சராசரி 9க்கு மேல். "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா விரலைப் பத்திப் பேசியிருப்போம்" என்றார், சாவகாசமாக.

கட்டிலில் படுத்தபடி ஊருக்குப் போன் போட்டேன். ஜுரம், ஊசி, சர்க்கரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"தம்பி, மொதல்ல வெரலிடுக்குல வந்துச்சா?"

"ஆமாப்பா."

"அது சேத்துப்புண்ணுடா. ஷூ போடுறவனுக்கு அது எப்படி வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நடவு நாளில் காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கினால் அவர் கால் நாள் பூரா சேற்றில்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் வாய்க்காலில் கழுவிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, துண்டு முனையை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு இழுத்துத் துடைப்பார். பத்து விரலும். அவசரமே இருக்காது. அப்புறம் அம்மா அரைத்து வைத்த மருதாணியை இடுக்கில் வைத்துக்கொண்டு, காலை நீட்டிக் காற்றாட இருப்பார். மருந்து வேலை செய்ததோ இல்லையோ, ராத்திரி முழுக்க அந்தக் கால் காய்ந்து கிடந்தது. நான் சேறு படாத காலை ஈரத் தோலுக்குள் பூட்டி வைத்தேன்.

டாக்டர் சொன்னதும் அதேதான். நனைவதால் புண் வராது, நனைந்தபடியே இருப்பதால் வரும். தோல் ஊறினால் இளகும், இளகிய இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், அது வெடித்தால் மற்ற கிருமிகளுக்குக் கதவு திறந்தாச்சு. சர்க்கரைக்காரனுக்குக் காலில் உணர்ச்சி மங்கினால் வலியும் தெரியாது. கடன்காரனுக்கு நாங்கள் 90 நாள் தவணை பார்த்துத்தான் வாராக்கடன் என்போம். கால் அவ்வளவு பொறுக்காது.

படுத்திருந்தபோது கண்டதையும் படித்தேன். முதல் உலகப் போரில், 1914 குளிர்காலத்தில், பிரான்ஸ், பெல்ஜியம் பதுங்குகுழிகளில் குளிர்ந்த தண்ணீரில் நாள்கணக்கில் நின்று ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குக் கால் அழுகியது. நம்ம இந்தியச் சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் கடைசியில் கண்டுபிடித்த வைத்தியம் என்ன? காய்ந்த காலுறை மாற்றுவது, திமிங்கில எண்ணெய் தேய்ப்பது, சிப்பாய்களின் காலை ஆபீசரே தினமும் பரிசோதிப்பது. எங்கள் வீட்டில் அந்த ஆபீசர் தங்கமணி. செல்போன் டார்ச்சோடு வருவார்.

டொரான்டோவில் சித்தி பையன் பனியிலும் சைக்கிள் ஓட்டுகிறான். அவனுக்கு எதிரி குளிர், எனக்குப் புழுக்கம். அவன் கம்பளிக் காலுறை போட்டு, ஒரு சைஸ் பெரிய ஷூவுக்குள் விரல் அசைய இடம் விட்டு, மேலே உறை மாட்டுகிறான். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைத்துவிடுமாம். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் தொடவே மாட்டானாம். "ஆனா அண்ணா, ஆபீஸ் போனதும் நான் செய்ற மொத வேலை காலுறைய மாத்துறதுதான்" என்றான். அதில் மட்டும் இரண்டு பேரும் ஒரு கட்சி.

நானும் எல்லாம் பார்த்தாச்சு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டேன். மேலே வழியாகத் தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை, இரண்டு குடம் கட்டிக்கொண்டு பெடல் மிதிப்பது போல இருந்தது. காலுறை மேல் பிளாஸ்டிக் பை கட்டினேன். மழை உள்ளே வரவில்லை, என் வியர்வையே போதுமானதாக இருந்தது.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் பிராஞ்சின் சிப்பந்தி காகா. மராட்டிக்காரர், ரிட்டயர் ஆகிவிட்டார். "சாகேப், ஷூவை எதற்கு ஊர்வலம் கூட்டிப் போகிறீர்கள்? அது இங்கேயே இருக்கட்டும்" என்றார். இருபது வருஷ சர்வீசில் எனக்குத் தோன்றவில்லை! இப்போது ஜூன் ஒன்றாம் தேதி தோல் ஷூ மேஜைக்கு அடியில் குடியேறும், தீபாவளிக்குத்தான் வீடு திரும்பும். ரோட்டுக்கு, பின்பக்கம் வார் வைத்த, ஓட்டை உள்ள ரப்பர் சாண்டல். தண்ணீர் வரும், உடனே போய்விடும், பெடலில் வழுக்காது. பாதத்தில் வெட்டுக்காயம் இருக்கிற நாளில் மட்டும் சைக்கிளும் கிடையாது, தேங்கின தண்ணீரில் இறங்குவதும் கிடையாது, ஆட்டோதான். சைக்கிள்காரர் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி முன் மட்கார்டு முனையில் தரையைத் தொடாதபடி தொங்கவிட்டுக் கொடுத்தார். பாதத்தில் அடிக்கிற தண்ணீர் பாதி குறைந்துவிட்டது. பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மாட்டுங்கா போனதும் பாத்ரூமில் சோப்புப் போட்டுக் கால் கழுவி, பையிலிருந்து துண்டை எடுத்து, ஒரு காலைத் தூக்கி வாஷ்பேசின் விளிம்பில் வைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். புதுசாக வந்த புரொபேஷனரி ஆபீசர் பையன் ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு "சாரி சார்" என்று ஓடினான்.

இந்த ஜூனிலும் அப்பா போன் செய்தார். மழை ஆரம்பிச்சுடுச்சா என்றெல்லாம் கேட்பதில்லை. எடுத்த எடுப்பில், "வெரலிடுக்கு எப்புடி இருக்கு?"

"காஞ்சு கெடக்குப்பா" என்றேன்.