நான்காம் பத்தியில் இருந்த செய்தி

நான் எழுதிய ஒரு மின்னஞ்சலால் இன்னொருவரின் இரண்டாண்டு உழைப்பு வீணானது. அதில் பிழையான தகவல் ஒன்றுகூட இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்ன இடம்தான் தவறு.

வட இந்திய நகரமொன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தேன். மைனஸ் 80 டிகிரியில் இயங்க வேண்டிய எங்கள் ஆய்வக ஃப்ரீசர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை மைனஸ் 60 காட்டியது. அன்றிரவு எனக்கு ஊருக்கு ரயில். நெறியாளருக்கும் சக ஆய்வாளர்களுக்கும் மின்னஞ்சல் எழுதினேன். தலைப்பு: 'ஆய்வகம் தொடர்பாக'. முதல் பத்தியில் என் விடுப்பு. இரண்டாவதில் அவ்வாரத்து மின்தடைகள். மூன்றாவதில் கம்ப்ரசர் பற்றிய என் ஊகம். நான்காவதன் இறுதியில்தான், 'மாதிரிகளை வேறு ஃப்ரீசருக்கு மாற்றுவது நல்லது எனத் தோன்றுகிறது' என்ற வரி. யார் மாற்றுவது, எப்போதுக்குள் என்பது அதிலும் இல்லை. கடமை முடிந்தது என்று ரயிலேறிவிட்டேன்.

நான்காம் பத்திவரை யாரும் படிக்கவில்லை. திங்களன்று ஃப்ரீசருக்குள் அறையின் வெப்பமே இருந்தது. ஆர்.என்.ஏ. எளிதில் சிதையக்கூடியது. இளைய ஆய்வாளர் ஒருத்தி வயல் வயலாக அலைந்து சேகரித்த இலை மாதிரிகள் பயனற்றுப் போயின. அவள் சினக்கவில்லை. "தீதி, இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே" என்றாள், அவ்வளவுதான்.

பின்னணி, முறை, முடிவு என்ற வரிசையில் எழுதவே நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். ஆய்வுக்கட்டுரைக்கு அது பொருந்தும். பணியிடச் செய்திக்கு அவ்வரிசை தலைகீழாக வேண்டும். 1940 ஆகஸ்டில், போரின் நடுவே, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அரசு அறிக்கைகளின் சுருக்கம் குறித்து ஒரு குறிப்பு அனுப்பினார். முக்கியமானவற்றைச் சிறு பத்திகளில் தாருங்கள், விரிவான விவரங்களைப் பின்னிணைப்பில் சேருங்கள் என்பது அதன் சாரம். விவரங்களைக் கைவிடுமாறு அவர் சொல்லவில்லை. அவற்றின் இடத்தை மாற்றச் சொன்னார்.

இன்றானால் நான் இப்படி எழுதுவேன்: 'ஃப்ரீசர் பழுது. இன்றிரவு 8 மணிக்குள் மாதிரிகளை மாற்ற வேண்டும். யார் மாற்றுகிறீர்கள் என்று 6 மணிக்குள் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பயணத்தை ரத்துசெய்துவிட்டு நானே மாற்றுகிறேன்.'

இதன் கடைசி வாக்கியத்தை எழுத அன்று எனக்கு மனமில்லை. அதை எழுதாமல் தப்பிக்கத்தான் நான்கு பத்திகள் எழுதினேன் என்பது வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது.